தழும்பும் தஸ்தாவேஜும்

யுத்தத்தில் காயம்பட்டு ஊர் திரும்பிய ஒருவர், எழுபது வயதைக் கடந்த பிறகு, தமக்கு நியாயமாக வந்திருக்க வேண்டிய ஒரு பதக்கம் வரவில்லையென்றும், தம்முடைய ராணுவப் பதிவேட்டில் அந்தக் காயத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமற் போனதே அதற்குக் காரணம் என்றும், ஆகவே அந்தப் பதிவேட்டைத் திருத்தித் தரவேண்டுமென்றும் சர்க்காருக்கு விண்ணப்பம் எழுதுவது அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அபூர்வமான செய்தியன்று. ‘பர்ப்பிள் ஹார்ட்’, அதாவது ஊதா இதயம், என்பது அந்தப் பதக்கத்தின் பெயர். எதிரியின் செயலால் காயமுற்றவர்க்கும், அத்தகைய காயத்தால் மாண்டவர்க்கும் உரியது அது. மாதந்தோறும் வரும் பணம் எதுவும் அதனோடு ஒட்டிக்கொண்டு வருவதில்லை. ஆயினும், வியட்நாமில் இருபது வயதுப் பிள்ளைகளாக நின்றவர்கள் பேரன் பேத்தி எடுத்த பின்பும் அதைக் கேட்டு எழுதுகிறார்கள்; எழுதியவர் காலமானால் அவருடைய மனைவியோ மக்களோ தொடர்ந்து எழுதுகிறார்கள்.

மற்ற வீரப் பதக்கங்களுக்கும் இதற்கும் ஒரு முக்கியமான பேதம் உண்டு. மற்றவற்றுக்கு மேலதிகாரி ஒருவர் சிபாரிசு செய்யவேண்டும். அந்தச் சிபாரிசு படிப்படியாக ஏறிப் பெரிய அதிகாரிகளின் மேஜையை அடைந்து, அவர்கள் மனம் இசைந்தால் பதக்கம் வரும், இல்லையேல் இல்லை. ஊதா இதயத்துக்கு யாருடைய தயவும் வேண்டியதில்லை. நிபந்தனைகள் பொருந்தினால் அது உரிமை. காயம் எதிரியின் செயலால் நேர்ந்திருக்கவேண்டும். வைத்தியரின் சிகிச்சையை வேண்டுகிற அளவு காயமாக இருக்கவேண்டும். அந்தச் சிகிச்சை சர்க்கார் ஏட்டில் பதிவாகியிருக்கவேண்டும். முதல் இரண்டு நிபந்தனைகளையும் சிப்பாய் தன் உடம்பைக் கொண்டே நிறைவேற்றிவிடுகிறான். மூன்றாவதை நிறைவேற்ற வேண்டியவர் வேறொருவர், பெரும்பாலும் சிப்பாய் முகமறியாத ஒரு குமாஸ்தா. வழக்குகள் எல்லாம் பிறப்பது இந்த மூன்றாவதில்தான்.

இந்தப் பதக்கத்தின் பூர்வ சரித்திரமே காணாமற் போன ஓர் ஏட்டின் சரித்திரம் என்பதைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. 1782-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ஆம் தேதி, பிரிட்டிஷாரோடு நடந்த சுதந்திரப் போர் ஓய்ந்தும் ஓயாமலும் இருந்த வேளையில், நியூயார்க் மாகாணத்து நியூபர்க் என்னும் ஊரில் பாசறை இறங்கியிருந்த ஜார்ஜ் வாஷிங்டன், அருஞ்செயல் புரிந்த சாதாரணச் சிப்பாய்களுக்குப் பதவி உயர்வு கொடுத்துப் பாராட்டும் வழியைக் காங்கிரஸ் சபை அடைத்துவிட்டிருந்த காரணத்தால், இடது மார்பின்மீது தைத்துக்கொள்ளும்படியான ஊதாத் துணி இதயம் ஒன்றை அவர்களுக்குச் சன்மானமாக ஏற்படுத்தினார். அந்நாளில் அது காயத்துக்கு உரியதன்று, தகுதிக்கு உரியது. பெறுகிறவர்களின் பெயரெல்லாம் ‘தகுதிப் புத்தகம்’ என்றதோர் ஏட்டில் பதியப்படவேண்டும் என்பதும் அவருடைய உத்தரவு. அந்தப் புத்தகம் தொலைந்துபோயிற்று, இன்றுவரை அகப்படவில்லை. கனெக்டிகட்டைச் சேர்ந்த எலைஜா சர்ச்சில், வில்லியம் பிரௌன், டேனியல் பிஸ்ஸல் ஆகிய மூன்று ஸார்ஜண்டுகள் அதைப் பெற்றார்கள் என்று வேறு காகிதங்களால் தெரியவருகிறது. நான்காமவர் ஒருவர் இருந்தாரா என்று கேட்டால், அதற்கு விடை சொல்லக்கூடிய ஒரே சாட்சி அந்தப் புத்தகம்தான்.

அதன் பிறகு ஒன்றரை நூற்றாண்டுக் காலம் அந்தச் சன்மானம் மறக்கப்பட்டே கிடந்தது. வாஷிங்டனுடைய இருநூறாவது ஜன்ம தினமாகிய 1932 பிப்ரவரி 22-ஆம் தேதி, அப்போது ராணுவத் தலைமை அதிகாரியாக இருந்த ஜெனரல் டக்ளஸ் மக்கார்தர் அதற்குப் புத்துயிர் கொடுத்தார். எலிசபெத் வில் என்னும் பெண்மணி தீட்டிய அமைப்பின்படி, துணி இதயம் உலோக இதயமாயிற்று. முன்பக்கத்தில் வாஷிங்டனின் பக்கவாட்டு முகம், பின்பக்கத்தில் ராணுவத் தகுதிக்காக என்ற வாசகம், மேலே வெள்ளைக் கரையிட்ட ஊதா நாடா. முதல் உலக யுத்தத்தில் காயம்பட்டுச் சட்டைக் கையில் காயக்குறிப் பட்டை அணிந்திருந்தவர்கள் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம் என்று விதி செய்தார்கள். ஆகவே, பல ஆண்டுகள் கழித்து விண்ணப்பம் எழுதிக் கேட்பது என்பது, புதிய பதக்கம் பிறந்த நாள்தொட்டே அதனுடன் பிறந்த வழக்கம். 1942-இல் அது காயத்துக்கே உரியதெனத் தரைப்படை வரையறுத்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கடற்படையினருக்கும் அதை விரித்தார். ஜப்பான்மீது படையெடுத்தால் எத்தனை லட்சம் பேர் காயம்படுவார்களோ என்று அஞ்சி இரண்டாம் உலக யுத்தத்தின் கடைசியில் வார்த்துக் குவித்த பதக்கங்கள், படையெடுப்பு நடவாமற் போகவே மீந்துபோய், பின்வந்த யுத்தங்களுக்கெல்லாம் பயன்பட்டன என்பார்கள். பதக்கத்துக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை, பஞ்சமெல்லாம் பதிவுக்குத்தான்.

இதில் வியப்பு என்னவென்றால், இந்தப் பதக்கம் பெற்றவர்கள் அனைவருடைய பெயரும் அடங்கிய முழுமையான ஜாபிதா ஒன்று அமெரிக்க சர்க்காரிடம் இன்றைக்கும் கிடையாது. நியூபர்க்குக்கு அருகே நியூ வின்ஸரில் 2006-இல் திறக்கப்பட்ட நினைவு மண்டபம் ஒன்று, பெற்றவர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் தாமாக அனுப்பிவைக்கும் விவரங்களைக் கொண்டு பெயர்களைத் திரட்டிவருகிறது. வாஷிங்டன் வேண்டிய புத்தகத்தை இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இனி, ஒரு காயம் ஏட்டில் ஏறாமற் போவது எப்படி என்று பார்க்கலாம். குண்டுச் சிதறல் ஒன்று தோளில் தைக்கிறது. படைப்பிரிவோடு கூடவே வரும் சிகிச்சையாள் அதைப் பிடுங்கி எறிந்து, மருந்திட்டுக் கட்டி, கையில் நாலு மாத்திரைகளைக் கொடுக்கிறான், அடுத்த கணம் வேறொருவன் கத்துகிறான், அங்கே ஓடுகிறான். அன்றைக்குக் கட்டுப்போட்டவர்கள் எத்தனை பேர் என்று குறித்துவைக்க அவனுக்கு நேரமில்லை; சில சமயம் மாலைக்குள் அவனே இல்லை. சற்றுப் பெரிய காயமானால் பாசறை வைத்தியசாலைக்குப் போகும். அங்கே எழுதிய சீட்டு சிப்பாயின் சொந்தக் கோப்பைத் தேடிப் போய்ச் சேரவேண்டும். அதற்குள் சிப்பாய் ஓரிடத்திலும் அவன் கோப்பு வேறோரிடத்திலுமாகப் படை நகர்ந்துவிடும். வியட்நாம் காலத்தில் ஒவ்வொருவருக்கும் இருந்த சேவைச் சீட்டில் காயங்களுக்கென்றே 40-ஆம் எண்ணிட்ட கட்டம் ஒன்று உண்டு; அந்தக் கட்டம் வெறுமையாகவே இருக்க, தோளில் இரும்போடு வீடு வந்தவர்கள் பலர். இரண்டாம் உலக யுத்தத்தில் விடுவிப்புப் பத்திரம் ஒன்று கொடுத்தார்கள். அதில் 33-ஆவது கட்டம் பதக்கங்களுக்கு, 34-ஆவது கட்டம் போர்க் காயங்களுக்கு. காயத்தின் கட்டத்தில் இடமும் தேதியும் தெளிவாக எழுதியிருக்க, ஒரு விரற்கடை மேலே உள்ள பதக்கக் கட்டத்தில் ஊதா இதயத்தைக் காணோம் என்ற விநோதமும் உண்டு. அத்தகைய வழக்கு எளிது. சர்க்காரின் கையெழுத்தே சர்க்காருக்கு விரோதமாகச் சாட்சி சொல்லிவிடுகிறது. கட்டம் இரண்டும் காலியாக இருப்பவருடைய பாடுதான் பெரும்பாடு.

எழுதாமல் விட்டது ஒருபுறமிருக்க, எழுதிவைத்ததும் அழிந்த கதை உண்டு. மிஸூரி மாகாணத்தில் செயின்ட் லூயிஸ் நகரை அடுத்து, படையினரின் சொந்தக் கோப்புகளைக் கோடிக்கணக்கில் அடுக்கிவைத்திருந்த ஆறு மாடிக் கட்டிடத்தின் உச்சி மாடியில், 1973 ஜூலை 12-ஆம் தேதி நடுநிசி கழிந்த சிறிது நேரத்தில் தீப்பற்றிற்று. கோப்புகள் இருந்த பகுதியில் தானே நீர் தெளிக்கும் குழாய்கள் இல்லை. நாலு நாளுக்கு மேலாகத் தீ அடங்கவில்லை. அணைப்பதற்குக் கொட்டிய தண்ணீரோ கீழ்மாடிக் காகிதங்களை நனைத்துப் பூஞ்சணம் பிடிக்கச் செய்தது. 1912 முதல் 1960 வரையில் தரைப்படையிலிருந்து விடுபட்டவர்களுடைய கோப்புகளில் நூற்றுக்கு எண்பது பங்கு போயிற்று. 1947 முதல் 1964 வரையில் விமானப்படையை விட்டவர்களில், பெயரின் அகரவரிசையில் ‘ஹப்பர்ட்’ என்பதற்குப் பின்னால் வருகிறவர்களுடையவற்றில் முக்கால் பங்கு போயிற்று. எல்லாம் கூட்டினால் ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கும் ஒரு கோடியே எண்பது லட்சத்துக்கும் இடைப்பட்ட தொகை. நகல் எடுத்துவைக்கவில்லை, எது இருந்தது எது போயிற்று என்று காட்டும் அட்டவணையும் இல்லை. தீ மூண்ட காரணமும் இறுதிவரை துலங்கவில்லை. நனைந்த காகிதங்களை, விண்வெளி யாத்திரைக்கான சோதனைகளுக்கென்று மக்டோனல் டக்ளஸ் கம்பெனியார் அமைத்திருந்த வெற்றிட அறைக்குக் கொண்டுபோய் உலர்த்தினார்கள். விளிம்பு கருகிய அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட கோப்புகள் அவ்வாறு பிழைத்தன. அகரவரிசையில் முன்னே பிறந்த பெயரால் ஒருவருடைய வீரம் காப்பாற்றப்பட்டதென்றால், இதை விதி என்பதா, வேறு என்னவென்பதா?

இப்படிப்பட்ட குறைகளைக் களைவதற்கென்றே ஒரு சபை இருக்கிறது. 1946-க்கு முன்பு ஒரு சிப்பாயின் பதிவேட்டைத் திருத்தவேண்டுமானால், தொகுதிப் பிரதிநிதியைப் பிடித்து, அந்த ஒரு மனிதனுக்காகவே காங்கிரஸில் தனி மசோதா கொண்டுவர வேண்டியிருந்தது. இத்தகைய மசோதாக்களால் மூச்சுத் திணறிய காங்கிரஸ், அந்த ஆண்டில் செய்த சீர்திருத்தச் சட்டத்தின் மூலம் அவ்வகை மசோதாக்களையே தடைசெய்துவிட்டு, படை இலாகாக்கள் சிவிலியன்களைக் கொண்ட வாரியங்களை அமைத்துத் தாமே திருத்திக்கொள்ளலாம் என்று அதிகாரம் அளித்தது. பதிவேட்டில் உள்ள பிழையைத் திருத்தவும், அதனால் விளைந்த அநீதியைப் போக்கவும் அவ்வாரியங்களுக்கு அதிகாரம் உண்டு. விண்ணப்பதாரர் ‘டிடி 149’ என்ற படிவத்தை நிரப்பி அனுப்பவேண்டும், கட்டணம் இல்லை. பிழையை அறிந்த மூன்று ஆண்டுகளுக்குள் கேட்கவேண்டும் என்பது விதி. நியாயத்தை முன்னிட்டுக் காலதாமதத்தை மன்னிக்கலாம் என்பது அதே விதியின் அடுத்த வாக்கியம். வாரியத்தார் மூவர் கூடிக் காகிதங்களைப் படித்துத் தீர்மானிக்கிறார்கள். விண்ணப்பதாரரை நேரில் அழைத்து விசாரிப்பது மிக மிக அரிது. தழும்பைச் சட்டை விலக்கிக் காட்டுவதற்கு இடமே இல்லாத நீதிஸ்தலம் அது.

வாரியம் எதைப் பார்க்கும்? வியட்நாமில் காயம்பட்டவர்களின் ஜாபிதாவில் பெயர் இருக்கிறதா என்று பார்க்கும். பதக்க உத்தரவுகளின் தொகுப்பைத் துழாவும். படைப்பிரிவு ஒவ்வொன்றும் அன்றாடம் எழுதி அனுப்பிய காலை அறிக்கையில், இன்னார் ஆஸ்பத்திரிக்குப் போனார், இன்னார் திரும்பினார் என்ற குறிப்பைத் தேடும். தீயில் கோப்பை இழந்தவர்களுக்கு 1988-இல் ஒரு புதையல் அகப்பட்டது: 1942 முதல் 1945 வரையிலும், 1950 முதல் 1954 வரையிலும் ராணுவ ஆஸ்பத்திரிகளில் சேர்க்கப்பட்டவர்களின் விவரங்களைப் புள்ளிவிவர ஆராய்ச்சிக்காக இயந்திரச் சீட்டுகளில் பதிந்துவைத்திருந்தது, எதற்காகவோ பதிந்தது, வேறெதற்கோ உதவிற்று. இவை எதுவும் இல்லாதவர் தாய்க்கு எழுதிய கடிதத்தையும், காயம்பற்றி வீட்டுக்கு வந்த தந்தியையும், கட்டுப்போட்ட முகத்தோடு எடுத்த புகைப்படத்தையும், உடனிருந்த தோழரின் பிரமாணப் பத்திரத்தையும் வைத்து வாதாட வேண்டும். தோழரைக் கண்டுபிடிப்பது லேசன்று. களத்தில் பலருக்குப் பட்டப்பெயர்தான் வழக்கம். ஐம்பது ஆண்டு கழித்து அந்தப் பட்டப்பெயரை வைத்துக்கொண்டு ஒரு கண்டம் முழுவதும் ஆள் தேடவேண்டும்.

இங்கேதான் ஒரு முரண்பாடு எழுகிறது. அதே அமெரிக்க சர்க்காரின் மற்றோர் அங்கமாகிய முன்னாள் படைவீரர் இலாகா, ஊனத்துக்கு உதவித்தொகை கொடுக்கும்போது, போரில் கலந்துகொண்டவர் தமக்கு நேர்ந்ததாகச் சொல்லும் காயம் அவருடைய சேவையின் சூழ்நிலைக்குப் பொருந்துமானால், ஏட்டில் பதிவு இல்லாவிட்டாலும் அவருடைய வாய்மொழியையே ஏற்கவேண்டும் என்று சட்டம் சொல்லுகிறது. சந்தேகம் இரு பக்கமும் சமமாக இருந்தால் வீரருக்கே அனுகூலம். திருத்த வாரியமோ, ராணுவத்தின் நிர்வாகம் தன் வேலையை ஒழுங்காகவே செய்திருக்கும் என்ற அனுமானத்தோடு தொடங்குகிறது. அதைத் தகர்க்கும் பாரம் விண்ணப்பதாரர் தலைமேல். ஆகவே, தொடையில் தைத்த இரும்புக்காக மாதாமாதம் ஓர் அலுவலகத்திலிருந்து பணம் பெறுகிறவரை, அந்த இரும்பு எதிரியின் இரும்பு என்பதற்கு அத்தாட்சி இல்லையென்று மற்றோர் அலுவலகம் திருப்பியனுப்ப முடிகிறது. பென்ஷன் வாங்கும் முதியவர் தாம் உயிரோடிருப்பதற்கு ஆண்டுதோறும் சான்றிதழ் காட்டும் நம் ஊர் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது அவ்வளவு புதுமையாகத் தோன்றாது.

வாரியத்தின் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. தாம் போகாத போருக்குப் போனதாகவும், பெறாத பதக்கத்தைப் பெற்றதாகவும் சொல்லித் திரிகிறவர்கள் எந்தத் தேசத்திலும் உண்டு. அப்படிப் பொய் சொல்வதையே குற்றமாக்கிய 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பேச்சுரிமைக்கு மாறானதென்று 2012-இல் சுப்ரீம் கோர்ட்டு தள்ளிவிட, பொய்யால் பணமோ பிற லாபமோ அடைவதைக் குற்றமாக்கி மறு ஆண்டே காங்கிரஸ் புதுச் சட்டம் செய்தது. அந்தச் சட்டத்தில் பெயர் சொல்லிக் காக்கப்பட்ட பதக்கங்களில் ஊதா இதயமும் ஒன்று. கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தால், கேளாமலே அதைப் பெற்று மண்ணுக்குள் போனவர்களுக்கு என்ன மதிப்பு என்று வாரியத்தார் நினைப்பது இயல்பே. ஆயினும் எச்சரிக்கை வேறு, சுழல்வாதம் வேறு. 2014 டிசம்பரில் வாஷிங்டன் நகரத்து அப்பீல் கோர்ட்டு தீர்த்த வழக்கு ஒன்று இதை நன்கு விளக்குகிறது. 1969-இல் வியட்நாமில் ராக்கெட் தாக்குதல் ஒன்றில் காயமுற்ற வாலிபர், பாசறை வைத்தியசாலையில் சிகிச்சை பெற்று, எழுத்து வேலை முடியுமுன்பே தம் தோழர்களிடம் திரும்பிவிட்டார். கட்டுப்போட்ட நிலையில் எடுத்த புகைப்படங்களும் சாட்சியங்களும் அவரிடம் இருந்தன. வாரியமோ, வைத்தியக் குறிப்பில் இந்தக் காயம் காணப்படாத காரணத்தால் மற்ற அத்தாட்சிகளை ஏற்பதற்கில்லை என்றது. அவர் வந்ததே வைத்தியக் குறிப்பில் விடுபட்டதைச் சேர்க்கவேண்டும் என்று கேட்டல்லவா? விடுபட்டதையே காரணம் காட்டி, விடுபட்டதைச் சேர்க்க மறுப்பது தர்க்கத்துக்கு ஒவ்வாதென்று கோர்ட்டார் கடுமையாகவே சொல்லி, வாரியத்தின் முடிவை நிராகரித்தார்கள். பதிவேடுகள் பிழைபடும் என்பதை ஒப்புக்கொண்டு பிறந்த வாரியம், பதிவேட்டின் மௌனத்தையே கடைசி வார்த்தையாகக் கொள்ளுமானால், அது பிறந்த காரணத்தையே மறந்ததாகும் என்பதுதான் என்னுடைய அபிப்பிராயமும்.

எது காயம் என்பதிலும் காலத்துக்குக் காலம் மனம் மாறியிருக்கிறது. உறைபனியால் விரல் கருகியவர்களுக்கு இரண்டாம் உலக யுத்தத்தில் ஊதா இதயம் கொடுத்தார்கள். நாவலாசிரியர் கர்ட் வானெகட் பெற்றது அப்படிப்பட்டதே, அதை அவரே பெரிதாகப் பாராட்டியதில்லை. கொரியாவின் கடுங்குளிரில் சண்டை நடந்துகொண்டிருக்கையிலேயே, 1951-இல், உறைபனிப் புண்ணுக்கு இனி இல்லையென்று விதியை மாற்றினார்கள். எதிரிமேல் குறிவைத்த தம்மவர் குண்டு தவறித் தம்மவர்மேல் பட்டால் பதக்கம் உண்டென்று 1993-இல் சட்டம் வந்தது. யுத்தத்தால் மனம் நொந்து அல்லலுறுகிறவர்களுக்கும் கொடுக்கலாமா என்று ஆலோசித்து, கூடாதென்று 2009-இல் பாதுகாப்பு இலாகா தீர்மானித்தது. மண்டையோட்டில் கீறலின்றி மூளைமட்டும் அதிர்ந்துபோன காயத்துக்கான நிபந்தனைகளை 2011-இல் தரைப்படை தெளிவாக்கிற்று. 2020 ஜனவரி 8-ஆம் தேதி ஈராக்கின் அல் அஸாத் தளத்தின்மீது ஈரான் ஏவுகணைகளை வீசியபோது, யாருக்கும் ஒன்றுமில்லையென்று முதலில் அறிவித்தார்கள்; நாட்கள் செல்லச் செல்ல நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்கு மூளை அதிர்ச்சி உண்டானதாக வைத்தியர்கள் கண்டார்கள். 29 பேருக்கு அவ்வாண்டிலே பதக்கம் கிடைத்தது. எஞ்சியவர்கள் முறையிட, மறுபரிசீலனைக்குப் பின் 2021 டிசம்பரில் மேலும் 39 பேருக்கு அளித்தார்கள். கணினியும் செயற்கைக்கோளும் உள்ள காலத்துக் காயமே ஏடேற ஏறத்தாழ இரண்டு ஆண்டு பிடித்தது.

விண்ணப்பம் பலித்தால் என்ன நடக்கும்? படைவீரர் ஆஸ்பத்திரிகளில் முன்வரிசையில் ஓரிடமும், சர்க்கார் உத்தியோகத்துக்குப் போட்டியிடும்போது பத்து மதிப்பெண் சலுகையும் உண்டு. எண்பது வயதுக்காரருக்கு உத்தியோகச் சலுகை எதற்கு என்பது வேறு விஷயம். புதிய விடுவிப்புப் பத்திரம் பெரும்பாலும் கொடுப்பதில்லை. பழைய பத்திரம் அதன் பிழையோடு அப்படியே இருக்க, ‘டிடி 215’ என்னும் தனித்தாள் ஒன்றில், இன்ன கட்டத்தில் இதைச் சேர்த்து வாசிக்கவும் என்று தட்டெழுத்தில் குறித்து அனுப்புகிறார்கள். பதக்கம் பெரும்பாலும் தபாலில் வருகிறது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால், புது அத்தாட்சி கிடைக்கும்போது மறுபடியும் எழுதலாம். அல்லது கோர்ட்டுக்குப் போகலாம். பரண்மேல் உள்ள கடிதக் கட்டை முதலில் அவிழ்த்துப் பார்ப்பதே நல்லதென்று, இத்தகைய விண்ணப்பங்களுக்கு உதவிசெய்யும் முன்னாள் வீரர் சங்கத்தார் வீட்டாருக்குச் சொல்லுகிறார்கள்.